முன் இடது

புதுவயல் அரைவை மில்கள் இரவெல்லாம் இரைகின்றன.
என் கணினி மட்டும் வாய் திறக்கவில்லை.
'சவுண்ட் கார்டு எதுவும் இல்லை' என்கிறது லினக்ஸ்.
திருகாணி கழற்றிக் காட்டினேன்:
இதோ இருக்கிறதே, பச்சை அட்டை,
காரைக்குடியில் நானூற்றைம்பதுக்கு வாங்கியது.

டிரைவரை ஏற்றினேன். இறக்கினேன். மறுபடி ஏற்றினேன்.
கர்னலுக்குக் காப்பி போட்டுக் கொடுக்காத குறை.

இரண்டரைக்குத்தான் கண்ணில் பட்டது,
மிக்ஸர் திரையின் அடியில்
எம் எம் என்று இரண்டெழுத்து.
பிறவி ஊமை இல்லை,
யாரோ வாயைக் கட்டியிருக்கிறார்கள்.
ஒரே ஒரு தட்டு.

"ஃப்ரண்ட் லெஃப்ட்" என்றாள் ஒருத்தி.
பாயில் புரண்ட சோலையப்பன்,
"யாருடா அது, இந்நேரத்துக்கு?"

வலது ஸ்பீக்கர் இன்னும் பேசவில்லை.
அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து
பல்லி சொன்னது.
பலனைக் காலையில்
காலண்டரின் பின்னட்டையில் பார்த்துக்கொள்ளலாம்.