நாலாவது எலுமிச்சை

கெரஞ்சிப் பட்டணத்தின் அஞ்சடியில்
வட்டம் வட்டமாய்ப் பித்தளை பதிக்கிறார்கள்.
வங்கி வாசலில் லியோங் ஆ சியோக்.
மருந்துக்கடை முன்னால் வான் ஹம்டான்.
சலூன் படியருகே ஒரே வட்டத்தில் இரண்டு பேர்:
கார் ஓட்டிய எர்னஸ்ட்,
மடியில் வரைபடம் விரித்து வளைவுகளைக் கூவிய
அவன் தங்கை பிலோமினா.
என் மாலைக்கடை வாசலில்
தவசிமுத்து.

"ஆன்ட்டி, வாளியைக் கொஞ்சம் தள்ளுறீங்களா?"
மண்டியிட்டுச் சிமெண்ட் குழைத்தபடி
நகராண்மைக் கழகத்துப் பையன் கேட்டான்.
நாற்பது வருசமாய் அதே இடத்தில் இருந்த வாளி.
தள்ளினேன்.

முதல் நாள் யாரும் மிதிக்கவில்லை.
காகிதம் காலில் பட்டாலே
தொட்டுக் கண்ணில் ஒற்றும் ஜனம்
வெயிலில் இறங்கிச் சுற்றிப் போனது.
மூன்றாம் நாள் மழை.
எல்லாரும் உள்ளே ஏறி
அவன் பெயர்மேல் நின்று
குடை உதறினார்கள்.

பித்தளையில் இருப்பது பெயர், வருசம், இரண்டாம் இடம்.
பால் லாரி அதில் இல்லை.
தொட்டி நிறைய ரப்பர் பாலோடு
ஆலைக்குப் போகும் செம்மண் வளைவை
ஒரு சொட்டுத் தளும்பாமல் எடுப்பான்.
கிராணி கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்.
ராத்திரிகளில் லியோங் பட்டறையில்
செத்துப்போன மூன்று டட்சனைக் கூட்டி
உயிருள்ள ஒன்றைச் செய்தார்கள்.
ஒரு கதவு நீலம், ஒன்று சிவப்பு,
முன்மூடி வெறும் தகரம்.

பந்தயத்துக்குப் புறப்பட்ட விடியலில்
நேரே என்னிடம் வந்தான்.
முந்தின நாள் முனியாண்டிக்குப் பூசை.
கூடையில் மிஞ்சியது மூன்றே எலுமிச்சை.
"சக்கரம் நாலாச்சே," என்றேன்.
நார் முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது எனக்கு.
அவன் சிரித்தான்.
"வளைவுல ஒரு சக்கரம் தரையிலயே இருக்காது.
அதுக்கு எதுக்குப் பழம்?
கணக்குல எழுதிக்க."

எழுதினேன். எலுமிச்சை மூன்று, முப்பது காசு.

திங்கட்கிழமைப் பத்திரிகையில் படம் வந்தது.
புழுதி, சாய்ந்த டட்சன்,
உட்புறத்துப் பின்சக்கரம்
ஒரு சாண் உயரத்தில்
சும்மா சுற்றிக்கொண்டு.

ஒரு கார் நீளத்தில் போனதாம் முதலிடம்.
இஞ்சின் சூடு என்றான் லியோங்.
டயர் தேய்மானம் என்றார் ஹம்டான்.
நான் வாய் திறக்கவில்லை.
எந்தச் சக்கரத்துக்கு வைக்காமல் விட்டாய் என்று
அவனிடமும் கேட்டதில்லை,
சர்க்கரை வந்து வலது காலை எடுத்த பிறகு
சக்கர நாற்காலியில் இதே கடைக்கு வந்து
வெற்றிலை வாங்கிப் போன நாள்களில்கூட.

நேற்றுத் திறப்பு விழா.
ஒய்.பி. வந்தார்.
தவசியைத் தபசி என்று படித்தார்.
மாலைகள் எட்டும் என் கடையில் கட்டியவை,
காசு அடுத்த மாதம்தானாம்.

இன்று கதவு திறந்த கையோடு
மஞ்சள் ஏறிய பழமாய் ஒன்று பொறுக்கி
வட்டத்தின் ஓரத்தில் வைத்தேன்.
பள்ளிக்கு நேரமான பையன் ஒருத்தன்
அஞ்சடிக்குள் சைக்கிளை ஏற்றி வந்து
தெரியாமல் அதன்மேல் விட்டான்.
நச்.
சாறு எழுத்துக்குள் ஓடியது.
பித்தளைக்குப் புளிப்பு ஆகும்,
துணி எடுத்துத் துடைத்தேன்.
"முத்து" மட்டும் பளிச்சென்று எழுந்தது,
"தவசி" இன்னும் மங்கல்தான்.

பையன் முனை திரும்பிப் போய்விட்டான்.
நோட்டை எடுத்து எழுதினேன்.
எலுமிச்சை ஒன்று.
இப்போது விலை எண்பது காசு.