ஒத்தி

மைதா பசை இன்னும் காயவில்லை.
கதவில் ஒட்டிய தாளின் கீழ்முனை
உள்ளே வரலாமா என்பதுபோல்
காற்றில் தட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க யாரும்மா?"
வங்கியிலிருந்து வந்தவன், மரியாதையான பையன்,
செருப்பைப் படியிலேயே விட்டவன், கேட்டான்.
இரண்டு வருடமாக இங்கே பால் காய்ச்சுகிறவள்.
குளியலறைக் குழாயைச் சொந்தச் செலவில் மாற்றியவள்.
லிங்கராஜபுரம், மூன்றாவது குறுக்குத்தெரு, இரண்டாம் மாடி,
தபால்காரருக்குப் பிலோமினா.
அவன் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
குடியிருப்பவர்.
எழுதிக்கொண்டான்.

எங்கள் பக்கம் இதை ஒத்தி என்போம்.
பெங்களூரில் லீஸ்.
மொத்தமாகக் கொடு, வாடகையில்லாமல் இரு,
போகும்போது அப்படியே வாங்கிக்கொண்டு போ.
பன்னிரண்டு லட்சம்.
அதில் நான்கு என் பி.எஃப்.,
பதினேழு வருடம் சட்டைகளுக்குக் காலர் தைத்தது.
அதை எடுப்பதற்காகவே வேலையை விட்டு
அடுத்த கம்பெனியில் புதியவளாகச் சேர்ந்தேன்.
சவரி ஆட்டோவை விற்றது ஒன்றரை.
மிச்சம் கழுத்து, காது.

ருத்ரேஷ் நல்ல மனுஷன் என்றார் புரோக்கர்.
புரோக்கர் நல்ல மனுஷன் என்றார் ருத்ரேஷ்.
இருநூறு ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரியின் ஊதா சீல்.
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டோம்,
பக்கம் கூடினால் பத்திரமும் கூடும் என்று.

வக்கீல் சுலோச்சனா அந்தத் தாளை
எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்திருந்தார்.
"பதிவு செஞ்சீங்களா?"
இல்லை.
"மூணு வருஷம்னு போட்டிருக்கு. ஒரு வருஷம் தாண்டினாலே பதியணும்."
மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.
"சரி, வில்லங்கமாவது பார்த்தீங்களா?"
"இப்பத்தான் மேடம் பார்க்கிறோம்" என்றார் சவரி.
வக்கீல் சிரித்துவிட்டார். நானும்.
ஃபீஸில் ஆயிரம் குறைந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பதிவுத்துறை இணையதளத்துக்குக் காவேரி என்று பெயர்.
எங்களுக்கு அதுவும் லேசில் திறந்துவிடவில்லை.
மூன்று நாள்,
சைபர் கடைப் பையனுக்கு நூற்றைம்பது ரூபாய்.
முப்பது வருடத்து வீட்டு ஜாதகம், இரண்டே தாள்.

நாங்கள் ஜாதகம் பார்க்காத குடும்பம்.
கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து
தடை உள்ளவர் சொல்லலாம் என்று
ஊரறியக் கேட்டபிறகுதான் தாலி.
வீட்டுக்கு யாரும் ஓலை வாசிக்கவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.
முதலில் ஒரு முனிவெங்கடப்பா.
அவர் பிள்ளைகளுக்குப் பாகம்.
ஒரு பாகத்தைக் கிரயம் வாங்கிய ருத்ரேஷின் அப்பா.
தானமாக ருத்ரேஷுக்கு.
பிறகு, நாங்கள் பால் காய்ச்சுவதற்குப் பதினான்கு மாதம் முன்பு,
பத்திரத்தை வங்கியில் வைத்து எண்பது லட்சம்.
அதற்குக் கீழே வெறும் வெள்ளை.
விரலால் தடவிப் பார்த்தேன்.
அங்கேதான் இருந்தோம்,
இரண்டு பேர், ஒரு ஃப்ரிட்ஜ், மாதா படம்.

ருத்ரேஷ் இப்போது போனை எடுப்பதில்லை.
தினம் காலை ஏழுக்கு மட்டும்
அவன் வாட்ஸாப்பில் ஒரு ரோஜா பூக்கிறது.

போலீஸில் மனு. கோர்ட்டில் வழக்கு.
முதலில் வங்கிக்கு, மிஞ்சினால் உங்களுக்கு
என்றார் சுலோச்சனா,
மிஞ்சாது என்பதைக் கண்ணாடியைத் துடைத்தபடி விழுங்கிவிட்டு.
பிப்ரவரிக்கு ஒத்திவைத்தார்கள்.
பிறகு ஏப்ரலுக்கு.
ஒத்திக்கு வந்தவர்கள்தானே.

நேற்று சாப்பாட்டு இடைவேளையில்
ராய்ச்சூர் ரேணவ்வா டப்பாவைத் திறந்தபடி சொன்னாள்:
ஹென்னூரில் ஒரு வீடு, எட்டு லட்சம், வாடகையே கிடையாது,
ஓனர் ரொம்ப நல்லவராம்.

"சர்வே நம்பர் என்ன?" என்றேன்.

மாப்பிள்ளையின் பல்லை எண்ணச் சொன்னவளைப்போல்
அவள் என்னைப் பார்த்தாள்.
ரொட்டியைப் பிய்க்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள்தான்.
சைபர் கடை எட்டு மணிவரை திறந்திருக்கும்.