எந்தக் குடி

மேல்வீட்டை வாடகைக்குக் குடுக்கிற நேரம்
தண்ணிக் காசு, கரண்ட் காசு, கேட் பூட்டுற நேரம்
எல்லாம் சொன்னன்.
வைகாசியைச் சொல்ல மறந்துபோனன்.

கென்யாக்காரர். அவர் கரியூக்கி,
நெல்லுக்கு வருத்தம் பார்க்கிற உத்தியோகம்.
விடிய சாகாமத்துக்குப் போனா
பொழுதுபட முழங்கால் மட்டும் சேறோட வருவார்.
பெண்சாதிக்கு வம்புய் எண்டு பேர்.
தபால்காரன் சிரிச்சான். நானுந்தான்.
ஆறு வயசில ஒரு பொம்பிளைப் பிள்ளை, நியம்புரா.
அது படியேறினா வீடு அதிரும்.

கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்த அண்டு
மேலயிருந்து ஆட்டிறைச்சி வாசம்.
ஊரெல்லாம் மீன்சட்டியைக் கவிட்டு வைச்சிருக்கு.
மீன்காரன் கூட மணி அடிக்காம
சைக்கிளை அக்கரைப்பற்றுப் பக்கம் திருப்பிட்டான்.
எப்பிடிச் சொல்லுறது?
எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில
இறைச்சி இருக்கு, அம்மன் இருக்கு,
ரெண்டையும் இணைக்கிற சொல்லு இல்ல.
படியில பாதி ஏறி நிண்டன்.
மூக்கைப் பொத்தி, கோயில் பக்கம் கையைக் காட்டி,
கும்பிட்டு,
ஏழு விரல் காட்டினன்.
வம்புய் என்னையே பார்த்தாள்.
அடுப்பை நூத்தாள்.
சட்டியோட தூக்கி டிரைவர் நிஸாமிட கையில குடுத்தாள்.
மறுகா அத்தனை நாளும் சோளமாக் களியும் கீரையும்.
பிள்ளைக்கு மட்டும் களவா ஒரு முட்டை அவிச்சிருக்கிறாள்,
கோதைக் குப்பையில கண்டன்.
காணாத மாதிரி இருந்தன்.

குளிர்த்தி இரவு
மடைப்பெட்டியை வெள்ளைத்துணியால மூடித்
தலையில வைச்சு நான் நடக்க
பின்னால மூண்டு பேரும்.
கரியூக்கிக்கு வேட்டி நிக்குதில்ல,
பாதி வழியில பெல்ட்டைக் கட்டினார்.
வாசலில தவநாயகி என்ட காதுக்குள்ள:
"உள்ளுக்கு விடுவாங்களா கா?"
"விடாட்டி நானும் வெளியில நிப்பன்."
மெய்யாச் சொன்னா, அப்பிடி நிக்கிற துணிச்சல் எனக்கில்ல.
ஒருத்தரும் கேக்கல்ல. தப்பினன்.

உடுக்கு விறுவிறுக்கத் தொடங்கிச்சு.
கட்டாடியார் பானையில கைவைக்க
பெண்டுகள் குரவை போட்டாங்க.
அதுக்குள்ள ஒண்டு
எங்கட குரவை இல்ல.
நாக்கு வேற மாதிரிச் சுழண்டு
உசந்து
உசந்து
இறங்காமலே நிண்டது.
நிப்பாட்டி, மறுகா. நிப்பாட்டி, மறுகா.
சனமெல்லாம் திரும்பிப் பார்க்குது.
வம்புய், கண்ணை மூடிக்கொண்டு,
நான் குடுத்த சீலையிட முந்தானை கழுத்தில.
கரியூக்கி அவட கையைப் பிடிச்சு இழுக்கிறார்.
உடுக்குக்காரன் ஒரு அடி தவறவிட்டான்,
எனக்குக் கேட்டது.
கட்டாடியார் தலை நிமிரல்ல.
வேப்பங்குழையைத் தோய்ச்சு வீசினார்.
முதல் தெறிப்பு நியம்புராட முகத்தில,
பாலும் மஞ்சளும்.
நாக்கை நீட்டி ருசி பார்த்தாள்.

விடிஞ்சு வெளியில வர
தெருவில மறிச்சாங்க:
"உன்ட மேல்வீட்டுக்காரி எந்தக் குடி கா?"
சிரிப்புக்குத்தான் கேட்டது. கொஞ்சம் மெய்யாயும்.
அதைக் கேக்காம இந்த ஊரில ஒரு சடங்கு விடியுமா?
வானோட நிண்ட நிஸாம் அவளிட்டக் கேட்டுச் சொன்னான்:
அவங்கட ஆதித்தாய்க்கு ஒன்பது பெண்மக்களாம்,
குடியெல்லாம் அந்தப் பெண்டுகள்ட பேரிலதானாம்,
வம்புய் எண்டதும் அதில ஒருத்திட பேராம்.
தவநாயகி விரலை மடக்கி எண்ணினாள்.
"எங்களுக்கு ஏழுதானே.
ரெண்டு கூட வைச்சிருக்கிறாள் கா."
அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கல்ல,
வம்பெண்டும் சொல்லல்ல.

சடங்கெல்லாம் முடிஞ்ச கிழமை
மேலயிருந்து திரும்ப ஆட்டிறைச்சி வாசம்.
எனக்கும் ஒரு கோப்பை வந்தது. உப்புக் குறைவு.
தின்னுகொண்டு இருக்கக்க மகள் எடுத்தாள்,
ஒஸ்லோவிலயிருந்து,
குளிர்த்தி எப்பிடி எண்டு கேட்டு.
அவளும் அங்க ஒரு மேல்வீட்டிலதான், ஒன்பது வருசமா.
நான் குளிர்த்தியைச் சொல்லல்ல.
"கீழ்வீட்டில ஆர் மனே இருக்கிறது?" எண்டு கேட்டன்.

கொஞ்ச நேரம் சத்தமில்ல.
தெரியாதாம்.