அரிசிமாவு

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
சிறைப்பட்ட காலத்தில் நீர் செய்த பணி?
‘நோயாளர் பராமரிப்பு’ என்று எழுதினேன்.
கட்டம் சிறியது.

பிளிமத்தில் மழை. எழுத்தர் பெண் தேநீர் கொண்டுவந்தாள்,
சர்க்கரை எத்தனை என்றாள்.
எத்தனை என்று யார் கேட்டாலும்
இன்றும் எனக்கு வாய் அடைத்துப்போகிறது.

கப்பல் ஜாவாக் கடலில் முழுகியபோது
என்னிடம் மிஞ்சியவை ஒரு கத்தரிக்கோல், ஒரு வெப்பமானி.
எண்ணெய் மிதந்த நீரில் ராத்திரி முழுக்க
வெப்பமானியைப் பல்லில் கடித்துக் கிடந்தேன்,
கடல் எனக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

பிறகு மக்காசர் முகாம். மூங்கில் தட்டி வார்டு.
கரண்டியின் விளிம்பைத் தீட்டிப் புண்ணைச் சுரண்டுவோம்.
நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள்.
ஐந்தாமவன் ஏதாவது பேசவேண்டும், அது விதி:
கால்பந்து, அடுத்தவன் மனைவி, ஊரில் பன்றி என்ன விலை.
கால் வீங்கினால் பெரிபெரி.
முகம் வீங்கினால் பாதிரியைக் கூப்பிடு.
கஞ்சியைப் புளிக்கவைத்து நுரை எடுத்து
ஆளுக்கு ஒரு மூடி ஊற்றினோம். மருந்து என்றோம்.
சில நாள் மருந்தாகவும் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி காவலன் இசொகாய் வந்தான்.
துப்பாக்கியைத் தட்டியில் சாய்த்தான்.
விளக்கைத் திருப்பி வைத்தான்.
கால்சட்டைப் பொத்தானைக் காட்டிவிட்டுத்
தரையைப் பார்த்தான்.
நகரத்து வீடொன்றில் வாங்கிய வியாதி.
அவர்களுடைய டாக்டரிடம் போனால் அடி விழும்.
காகிதத்தில் மடித்து இருபது மாத்திரை கொண்டுவந்திருந்தான்,
நிஜமானவை, எங்கிருந்து திருடினானோ.

மூன்றாம் பாயில் டென்ஸில் ரௌஸ். பாய்லர் அறைக்காரன்.
நிமோனியா. ஈரத்துணியைக்
கிழிப்பதுபோல மூச்சு.

இங்கேயே வைத்துப் போ, வேளைக்கு ஒன்று நான் தருகிறேன்
என்று சைகையில் சொன்னேன்.
இசொகாய் குனிந்து வணங்கினான்.
போதிய அளவு குனியவில்லை என்று
என் இடது செவிப்பறையைக் கிழித்தவன்
என்னைக் குனிந்து வணங்கினான்.

பன்னிரண்டு டென்ஸிலுக்கு. எட்டு அவனுக்கு.
குறைந்த பன்னிரண்டுக்கு அரிசிமாவு,
கொஞ்சம் சுவர்ச் சுண்ணாம்பு,
மூங்கில் குழலில் அழுத்திக் கூரைத் தகரத்தில் காயவைத்தேன்.
நிறம் சரியாக வந்தது. எடை வரவில்லை.
மாத்திரையை எடை பார்க்கிற நோயாளி எங்கே இருக்கிறான்?

எது மாவு, எது மருந்து, எனக்குத் தெரியும்.
விழுங்கும்போது அவன் தொண்டைமணி
இரண்டுக்கும் ஒரே மாதிரி ஏறி இறங்கும்.
தண்ணீர்க் குவளையை நான்தான் பிடித்திருப்பேன்.

வரும்போதெல்லாம் ஒரு வாத்து முட்டை வைப்பான். கூலி.
எல்லாம் டென்ஸிலுக்கே கொடுத்தேன்.
இல்லை.
மூன்றாவதை நான் தின்றேன்,
இருட்டில், ஓட்டோடு.

டென்ஸில் பிழைத்துவிட்டான். ரெட்ரூத்தில் சைக்கிள் கடை.
டிசம்பரில் அட்டை போடுகிறான்,
எழுத்துப் பிழைகளோடு.
அவனுக்கு எதுவும் தெரியாது.

இசொகாய்க்கு முதலில் குணமானது, பிறகு திரும்பியது.
கழிப்பறைப் பள்ளத்தின் ஓரம்
கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்பான், ஒரு சொட்டுக்காக.
ஒருநாள் என்னைத் தனியே அழைத்தான்.
தீர்ந்தேன் என்று நினைத்தேன்.
மருந்து நல்லது என்றான், அரைகுறை ஆங்கிலத்தில்.
தன் வயிற்றில் தட்டி, இதுதான் கெட்டது என்றான்.
அந்த வாரமே அவன் படையை எங்கோ மாற்றினார்கள்.
இன்னும் மூன்று மாவு மாத்திரை பாக்கி இருந்தது.
எறிய மனம் வரவில்லை. அவற்றையும் தின்றேன்.

பத்தாம் கேள்வி: காயங்கள்?
இடது செவிப்பறை.
செய்தவன் பெயர் தெரியுமா என்றாள் அந்தப் பெண்,
பேனாவைத் திறந்தபடி.
தெரியாது என்றேன்.

என் இடப்புறமாக எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனவள்
அங்கிருந்தே இன்னொன்று கேட்டாள்.
எனக்குக் கேட்கவில்லை.