வேணும், வேணாம்

காளவாசல் பாலத்தடியில்
இரவு எட்டரைக்கு மேல்
எங்கள் அடுப்பு பேச ஆரம்பித்துவிட்டால்
மனிதர் பேச்சு பாதிதான் காதுக்கு வரும்.
வேணும் என்பதற்கும் வேணாம் என்பதற்கும்
எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம்,
அந்தக் காலை அடுப்பு தின்றுவிடும்.

போதாததற்கு என் சீட்டு.
பத்துப் பேர் ஒரே நேரத்தில் கை நீட்டும்போது
முழுசாய் எழுத ஏது நேரம்?
வெங்காயம் வேணும் என்றால் வெ.வே.
வெங்காயம் வேணாம் என்றாலும் வெ.வே.
திரும்ப வாய்விட்டுப் படித்தால்
யாருக்கோ பழிப்புக் காட்டுவது மாதிரி இருக்கும்.

சட்டி பிடிக்கிற புத்தேஸ்வருக்கு
ராஞ்சிக்கும் அந்தப்பக்கம் ஏதோ ஊர்.
ஐந்து மாதத்தில் அவருக்கு வாய்த்த தமிழ்
கம்மி, ஜாஸ்தி, பார்சல்,
அப்புறம் "வையாதீங்க சார்."
சீட்டை அவர் பார்ப்பதே இல்லை,
என் முகத்தைப் படித்து
முட்டையை உடைப்பார்
அல்லது உடைக்க மாட்டார்.

அரசரடியிலிருந்து காரில் வரும் ஒருவர்
முட்டை போடாத எக் ரைஸ் கேட்பார்.
அது வெறும் வெஜ் ரைஸ்தானே அண்ணே என்றால்
"இல்ல தம்பி, எக் ரைஸ்லதான் அந்த மணம் நிக்கும்."
அவருக்கு மட்டும் இதுவரை தப்பியதில்லை.
எப்படி என்று கேட்காதீர்கள்.

புரட்டாசி இரண்டாம் சனி.
விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது.
பொன்மேனி அக்கா வண்டியை அணைக்காமலேயே
பிரித்த பார்சலைப் பலகையில் வைத்தார்.
சில்வர் பேப்பர் நடுவே
மஞ்சளாய் ஒரு துணுக்கு, கையும் களவுமாய்.
"முட்டை வேணாம்ண்டு எத்தனை தடவை சொன்னேன்?
எங்க வீட்டுக்காரர் பாதி தின்னுட்டார்!"
ஓனர் அமலதாஸ் ஓடிவந்து கும்பிட்டார்.
அண்ணன் பாத்துட்டாராக்கா என்றேன்.
"எங்க பாத்தார்?
இன்னைக்கு என்னமோ ருசியா இருக்கேண்டார்.
அதுலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு."

காசைத் திருப்பிக் கொடுத்தோம்.
தின்று வந்த மிச்சம் நாய்க்கு.
கைபடாமல் திரும்பும் பார்சல் எங்களுக்கு,
தப்பு ஒன்றுக்கு நாற்பது ரூபாய் பிடித்தம்.
பன்னிரண்டு மணிக்கு அடுப்பு வாய் மூடியதும்
வண்டிக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
நானும் புத்தேஸ்வரும் தின்போம்,
ஒருவர் வேணாம் என்ற வெங்காயம்,
இன்னொருவர் வேணாம் என்ற காரம்.
எட்டு மாதமாக ஊரார் வேணாம்களில்
உடம்பு தேறியிருக்கிறது எனக்கு.
எண்பது ரூபாய் ரைஸ் நாற்பதுக்கு.
ரெண்டு அரியர் வைத்த பி.காம்.
இந்தக் கணக்குக்காவது உதவட்டும்.

உனக்கு எப்படி வேணும் என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
கேட்டால் சொல்லவும் தெரியாது.

அன்று கல்லாவை எண்ணிவிட்டு
ஓனர் கண்ணாடியைக் கழற்றினார்.
"சோலைராசு, வேணும்ண்டே செய்யிறியாடா?"
புத்தேஸ்வர் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்,
அந்தச் சத்தத்தில்
எனக்குச் சரியாக விழவில்லை.

அடுத்த சனி அக்கா மறுபடி வந்தார்.
வண்டியை அணைத்து, ஸ்டாண்டு போட்டு,
அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்து
நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார்:
"வெஜ் ரைஸ் ஒண்ணு. முட்டை வேணாம்."
பிறகு பலகைமேல் குனிந்து
அடுப்புக்குக்கூடக் கேட்காத குரலில்,
"போன வாரம் மாதிரியே இருக்கட்டும்."

சீட்டில் எழுதினேன்:
மு.வே.