குடத்தின் இடம்

வந்த மூன்றாம் நாள் கேட்டேன்
கீழக்கரையில் பார்க் எங்கே இருக்கிறது என்று.
அரிசி களைந்துகொண்டிருந்த பல்கீஸ்
ஈரக்கையோடு யோசித்தாள்.
"ஒண்ணு கிடக்கு மதினி.
சாவி டீக்கடையில."

டீக்கடைக்கு நாங்கள் போகக் கூடாதாம்.
அடுத்த வீட்டு இஜாஸ் போய் வாங்கி வந்தான்,
கூலியாக ஒரு கமர்கட்.

பூட்டு உப்பில் இறுகியிருந்தது.
உள்ளே
சறுக்குமரத்தின் உச்சியில் ஓர் ஆடு,
இறங்கும் எண்ணமில்லாமல்.
ஊஞ்சல் கம்பியில் யாருடைய வலையோ காய்ந்தது.
நட்டதெல்லாம் கருகிப்போய்
பெயர்ப் பலகைகள் மட்டும் நின்றன:
செம்பருத்தி, நந்தியாவட்டை, மகிழம்.
மீசான் கற்களைப் படிப்பதுபோல்
ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு
வெளியே வந்து பூட்டினோம்.
ஆடு உள்ளேயே இருந்தது.
அதற்கு வேறு வழி தெரியுமாம்.

ஈப்போவில் எங்கள் வீட்டுப் பின்னால்
பூங்காவுக்கு ஏழு பலகைகள்.
புல்லை மிதிக்காதே. நாயை அவிழ்க்காதே.
குளத்து மீனுக்கு ரொட்டி போடாதே.
நாலு மணிக்கு மழை
எந்தப் பலகையையும் படிக்காமல் வரும்.
இங்கே பலகை கிடையாது,
எல்லோருக்கும் மனப்பாடம்.
அஸருக்குப் பின் ஜெட்டி ஆண்களுக்கு.
சாலைத் திருப்பத்துச் சிமெண்ட் திட்டு
கொழும்பிலிருந்து திரும்பியவர்களுக்கு.
எங்களுக்கு இந்தச் சந்து:
ஒருத்தி குடை விரித்தால்
எதிரே வருபவள் மடக்க வேண்டும்.
மடக்கிய குடையோடு நின்று கேட்பாள்,
"யாரு வீட்டு மருமவ?"
பதினோரு முறை சொல்லியாகிவிட்டது.
பன்னிரண்டாவது ஆள்
நான் சொல்லுமுன் அவளே சொன்னாள்,
என் நகையின் எடையையும் சேர்த்து.

"கடலாவது எல்லாருக்கும் பொது இல்லையா?"
பல்கீஸ் சிரித்தாள்.
"அதுலயும் கோடு போட்டுருக்காங்க மதினி."

தண்ணீர் லாரி செவ்வாய், வெள்ளி.
விடியுமுன்
தெருமுனையிலிருந்து மதரஸாச் சுவர் வரை
குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.
நீலம், ஆரஞ்சு, வாய் உடைந்த சிவப்பு,
ஒன்றின் கழுத்தை ஒன்றோடு கட்டிய
மூன்று குட்டிக் குடங்கள்.
ஆட்கள் நிழலில்,
குடங்கள் வெயிலில்.
பெஞ்சு இல்லாத ஊரில்
இவைதான் பகல் முழுக்க
பொதுவெளியில் கால் நீட்டி இருக்கின்றன.

இந்தச் செவ்வாய்
சுபுஹுக்கு என் பச்சைக் குடத்தைக்
கடைசியில் வைத்துவிட்டு வந்து
தூங்கிப்போனேன்.
லாரி ஹாரன் கேட்டு
முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடினால்
வைத்த இடத்தில் குடம் இல்லை.
கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது.
சாக்கடைவரை தேடினேன்.

வரிசையில் நாலாவதாக
ஆடாமல் நின்றது.
தன்னால் நடந்து போனதுபோல.
குனிந்து பார்த்தேன்.
அடியில் ஒரு கல்,
உள்ளங்கை அளவு, கடல் உருட்டியது.
யார் நகர்த்தினார்கள், யார் போட்டார்கள்?
நிழலில் நின்றவர்கள்
யாருடைய மகளுக்கோ பார்த்த மாப்பிள்ளையை
நிராகரித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி மட்டும் திரும்பி,
"புடிங்க சீக்கிரம், கொழாய் வருது" என்றாள்.
அவள் பெயர் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அண்டாவில் கவிழ்த்தபோது
கல் உருண்டு கழுத்தில் இடித்தது.
பல்கீஸ் எறியப் போனாள். வாங்கி
அடுப்படி ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
வெள்ளிக்கிழமையும் காற்று அடிக்குமாம்.
வாய் உடைந்த அந்தச் சிவப்புக் குடம்
யாருடையது என்று
இன்னும் நான் கேட்கவில்லை.