விளிம்பு

இருக்கையைக் கழற்ற இரண்டு போல்ட்.
வலப்பக்கத்து போல்ட் எப்போதும் அடம்பிடிக்கும்.
இன்றைக்கு ஏனோ
தொட்டதும் சுழன்று வந்துவிட்டது.
அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

கலாமாவில் மழை பெய்தால்
நாள்காட்டியில் குறித்துவைப்போம்.
மற்ற நாளெல்லாம் தூசிதான்.
தாமிரச் சுரங்கத்தின் தூசி நறநறவென்றிருக்கும்,
பந்தயத் திடலின் தூசி சலித்த மாவு.
ரொட்டியில் கடிபடுவது எதுவென்று
நாக்கே சொல்லிவிடும்.

காற்றுப்பெட்டியைத் திறந்தேன்.
போன ஞாயிறு காலை
பளிச்சென்ற நீலத்தில் நான் பொருத்திய ஃபில்டர்
பழுப்பேறி
லாமாக் குட்டியின் மூக்கைப்போல
ஈரமாய் உட்கார்ந்திருந்தது.
அழுக்கான ஃபில்டரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.
பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
பயம் அதற்கு அப்பால்.

அப்பால்,
கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயில்
சுண்டுவிரலை விட்டுத் துழாவினேன்.
விரல் நுனியில்
சலித்த மாவு.

இரவு ஷிஃப்ட் முடிந்து நேரே வந்த காலை அது.
முகமூடியின் தடம் கன்னத்தில் இன்னும் ஆறவில்லை.
நுரையின் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் தடவவேண்டும்,
தடவினேனா?
நினோஸ்கா தலைக்கவசத்தோடு நின்று
"எலாடியோ, கொடி காட்டப்போகிறார்கள்" என்றாள்.
திருகை முடுக்கினேன்.

மூன்றாம் சுற்று, மேட்டில்,
வண்டி கண்ணாடி மெல்லும் சத்தம் போட்டதாம்.
இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தாள்.
"உயரமான ஊர். கலவை ஒத்துவரவில்லை.
ஜெட்டை மாற்றினால் சரியாகிவிடும்"
என்றேன் நான், உடனே, கொஞ்சம் சத்தமாகவே.

எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு போன உர்சீனியோ
உடுப்பை விரிப்பதுபோல் துணியை விரித்து
பிஸ்டனைக் காட்டினார்.
பூனை பிறாண்டிய கதவு மாதிரி இருந்தது.
நினோஸ்கா கடைவாய்ப் பல்லுக்கென்று
எடுத்துவைத்திருந்த பணம்
புதுப் பிஸ்டனாக வந்து இறங்கியிருக்கிறது.
இன்னும் ஒரு மூச்சுகூட விடவில்லை அது.
அவள் ஆறு நாளாக
இடப்பக்கமாகவே மெல்லுகிறாள்.
எனக்கோ
பல்லில்லாத இடத்தில் நார் சிக்கியதுபோல் ஒரு சந்தேகம்.

குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு
வாளியில் கரைசலை ஊற்றினேன்.
நுரையைப் பிழியலாம்,
முறுக்கக் கூடாது.
எனக்குத் தெரியும். இருந்தும் முறுக்கினேன்.
ஒட்டு விட்டுப்போயிற்று,
உதடு பிளந்ததுபோல்.

புதியதைப் பொட்டலத்திலிருந்து எடுத்தேன்.
கையுறை மாட்டி, எண்ணெய் விட்டு,
வெளிறிய திட்டு ஒன்றுகூட இல்லாதவரை பிசைந்தேன்.
ஒரு திட்டு மறைந்தால்
இன்னொரு பக்கம் இன்னொன்று எட்டிப்பார்த்தது.
எப்படிச் சொல்வது என்று யோசிக்க
இந்த வேலை வசதியானது.
விரல்கள் நீலமாகும்வரை வசதி.

துணியை உருவிக் குழாயைத் துடைத்தேன்,
மறுபடி துடைத்தேன்,
வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பும்வரை.
அழுக்கான துணிகளை
காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

நினோஸ்கா வந்ததே தெரியவில்லை.
குனிந்து துணிகளைப் பார்த்தாள்.
கிரீஸ் டப்பாவின் மூடியை
ஸ்பூன் காம்பால் நெம்பி,
என் கையிலிருந்த ஃபில்டரின் விளிம்பில்
ஆள்காட்டி விரலை ஒரு சுற்று ஓட்டினாள்.
நிதானமாக, இன்னொரு சுற்று.

"திங்கட்கிழமையே விரலை விட்டுப் பார்த்துவிட்டேன்.
பிஸ்டன் விலையில் பாதியை
உன் பெயரில் எழுதிவைத்திருக்கிறேன்.
நீயாகச் சொன்னால் மூன்றிலொரு பங்கு என்றிருந்தேன்."

சொல்லத்தான் போகிறேன் என்று வாயெடுத்தேன்.
"பாதி" என்றாள்.

கூண்டை அழுத்தி உட்காரவைத்தோம்.
அவள் டார்ச் பிடித்தாள்,
நான் விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவி
இடைவெளி தேடினேன்.
முதல் உதைக்கு ஒன்றுமில்லை.
மூன்றாவதுக்கு, இருமிக்கொண்டு,
வண்டி மூச்செடுத்தது.
வலப்பக்கத்து போல்ட் மட்டும்
உள்ளே போக மறுத்துக்கொண்டிருந்தது, வழக்கம்போல.